மார்கிரட்டின் அம்மா

முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதும் மெயில் நாலு வரியைத் தாண்டக் கூடாது என்பது சாம்பவியின் கட்டுப்பாடு. முதல் வரி எழுதுகிறவரைப் பற்றி இருக்கவே கூடாது, வாசிக்கிறவரைப் பற்றித்தான் இருக்கவேண்டும். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். கடைசியில், மெசின் எழுதவில்லை, மனுசிதான் எழுதியிருக்கிறாள் என்று தெரிகிற மாதிரி ஏதாவது ஒரு சின்ன விஷயம். இதை மகாலிங்கத்துக்கு விளங்கவைக்க அவளுக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் போயிற்று.

மகாலிங்கத்தின் கடை பாரிசில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில் இருந்தது. கீழே மரக்கறியும் அரிசியும். மேலே, சாக்குகளுக்கும் உறைபெட்டிக்கும் இடையில், சாம்பவியின் மேசை. நகரத்துக்கு வெளியே ஸ்தேனில் அவருக்கு ஒரு சமையல்கூடம் இருந்தது. அங்கே செய்து உறையவைத்த றோல்சும் பற்றிசும் பாரிசில் நடக்கிற தமிழ்க் கல்யாணங்களுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடுகளுக்கும் போயின. ஆனால் கல்யாணங்கள் சனி ஞாயிறில்தான். மிச்ச நாட்களில் அடுப்புகள் சும்மா கிடப்பது மகாலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

"வெள்ளைக்காரன்ர கந்தோருகளிலை கிழமைக்கு ரெண்டு பார்ட்டி வைக்கிறாங்கள் பிள்ளை. ஒருத்தன் வேலைக்கு வந்தால் ஒண்டு, வேலையை விட்டுப் போனால் ஒண்டு. எல்லாத்துக்கும் அந்தக் காஞ்ச பிஸ்கற்றைத்தான் தின்னுறாங்கள். பாவங்கள். நீ ஒரு பெரிய இடமாப் பிடிச்சுத் தா, நீதான் என்ர கொமர்சியால், விற்பனைக்குப் பொறுப்பு. உன்ர பேரிலை கார்ட் அடிச்சுத் தாறன்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவள் அந்த மேசையில் இருந்தாள். பதினொரு வயதில் பிரான்சுக்கு வந்தவள், இங்கேயே படித்தவள். ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கனகாலம் மற்றவர்களின் கடிதங்களைத் திருத்தி எழுதினாள். கடிதங்கள் நன்றாக இருந்தன. அவற்றின் கீழ் எப்போதும் வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கந்தோர் வேறு நகரத்துக்கு மாறிப்போனபோது அவளை யாரும் கூப்பிடவில்லை. முப்பத்தெட்டு வயதில் இந்த மரப்படிகளில் ஏறி வந்தபோது அவளிடம் மிஞ்சியிருந்த ஆசை சின்னது, வெளியே சொல்லவும் வெட்கமானது. தன் பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்கே ஒரு பதில் வரவேண்டும்.

மகாலிங்கம் தானே ஒரு மெயிலைச் சொல்லித் தட்டச்சு செய்வித்து வைத்திருந்தார். அது கடை தொடங்கிய கதையில் ஆரம்பித்து, இருபத்தாறு பலகார வகைகளின் பெயர்களைச் சொல்லி, அவர் மாலையோடு நிற்கும் படத்தில் முடிந்தது.

"இதிலை என்ன பிழை?" என்று கேட்டார்.

"இதை வாசிக்கிறவவுக்கு உங்களைத் தெரியாது அண்ணை. உங்கட கதை அவவுக்கு ஏன்?"

"தெரியாதபடியாத்தானே சொல்லுறன். ஆரெண்டு தெரியாதவனிட்டை ஆர் சாமான் வாங்குவான்? இஞ்சை கடைக்கு வாற சனம் முதல் கேக்கிறது என்ன? 'அண்ணை, ஊரிலை நீங்கள் எவடம்?' அதுக்குப் பிறகுதானே கத்தரிக்காய்."

"அவைக்கு எவடம் எண்டு தேவையில்லை அண்ணை. தங்கட கரைச்சல் என்னெண்டு எங்களுக்குத் தெரியுமோ எண்டுதான் பாப்பினம்."

மகாலிங்கம் அரைமனதோடு விட்டுக்கொடுத்தார். அவள் எழுதினாள். ஒவ்வொரு நிறுவனமாகத் தேடி, அங்கே சாப்பாடு வாங்குகிற பொறுப்பில் இருப்பவர் யார் என்று பார்த்து, அவர் எங்கேயாவது பேசியிருந்தால் அதை வாசித்து, அதிலிருந்து முதல் வரியை எடுத்தாள். பொன்னம்பலம் சாம்பவி என்று கீழே எழுதி அனுப்பினாள். ஒரு கிழமை விட்டு இன்னொன்று, இன்னும் சின்னதாக. ஒன்றுக்கும் பதில் இல்லை. "வேண்டாம்" என்றுகூட ஒருவரும் எழுதவில்லை. காலையில் கணினியைத் திறக்கவே அவளுக்குக் கூச்சமாக இருக்கும். யாருமில்லாத வீட்டுக் கதவைத் தட்டினால் அப்படி இருக்காது. உள்ளே ஆள் இருந்துகொண்டு அசையாமல் இருப்பது தெரிகிறபோதுதான் அப்படி இருக்கும்.

"பேரை மாத்துவம்," என்றார் மகாலிங்கம் ஒருநாள்.

"என்ன பேர்?"

"உன்ர பேரை வாசிச்சு முடிக்கவே அவைக்கு அரை நாள் போயிடும். உது என்ன பேரோ எண்டு அழிச்சுப்போட்டு அடுத்ததுக்குப் போவினம். ஒரு வெள்ளைக்காரப் பேர் போடு."

"பொய்ப் பேரோ?"

"பொய் ஏன்? கீழை உயிரோடை ஒண்டு நிக்குதே." படியில் குனிந்து கூப்பிட்டார். "மார்கிரட், உன்ர பேரைக் கொஞ்ச நாளைக்குத் தா பிள்ளை."

மார்கிரட் மன்னார்ப் பக்கத்துப் பெண். கீழே கல்லாவில் நின்றாள். சாம்பவியை விட ஐந்தாறு வயது குறைவு. கிறிஸ்தவக் குடும்பம், ஞானஸ்நானப் பெயர். பிரெஞ்சுக்காரர் அதை மார்கெரித் என்று தங்கள் சொந்தப் பாட்டியின் பெயரைப் போலவே சொல்வார்கள். தகப்பன் பெயர் மரியரட்ணம். அதில் பாதியை வெட்டினால் மரியா.

"எடுங்கோ," என்றாள் மார்கிரட், வெங்காயத்தை நிறுத்தபடியே. "சும்மா கிடக்கிற பேர்தானே. பாவிச்சுப்போட்டுக் கழுவி வையுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். சாம்பவியும் சிரித்தாள். சாம்பவி என்று கார்ட் வருவதற்காக மார்கெரித் என்று எழுதுவது கொஞ்ச நாள் வேலைதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பெயரில் எழுதத் தொடங்கியதும் தன் கை இலகுவானதை அவள் கவனித்தாள். அதைக் கவனித்தபோது கொஞ்சம் கசந்தது. சாம்பவியாக எழுதும்போது ஒவ்வொரு சொல்லிலும் அவள் தன்னை நிரூபித்துக்கொண்டிருந்தாள். மார்கெரித்துக்கு நிரூபிக்க ஒன்றுமில்லை. மார்கெரித் பகிடி விடலாம், சமையலறையைப் பற்றிப் பேசலாம். பெயர் கதவைத் திறந்த பிறகு மன்னாரையும் உள்ளே கூட்டிப்போகலாம், யாரும் பயப்படமாட்டார்கள்.

மத்தியானத்தில் மார்கிரட் மேலே வந்து அவளோடு சாப்பிடுவாள். ஸ்தேனில் இருந்து வரும் றோல்சைப் பெருவிரலால் பிட்டு, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "அம்மா இதைத் தொடமாட்டா," என்பாள். "மிளகு இண்டைக்குக் காலமை இடிச்சதோ, நேத்தையானோ எண்டு மணத்திலையே சொல்லுறவா. நேத்தையான் எண்டால் தட்டத்தைத் தள்ளி வைச்சிடுவா." ஞாயிறு நெருங்கினால், "பூசைக்கு அம்மாவின்ர பேர் குடுக்கவேணும், சுகத்துக்கு," என்று சொல்லி ஒரு கடதாசியில் குறித்துக்கொள்வாள். மார்கிரட்டின் அம்மா மன்னாரில் ஒரு வீட்டு வாசலில் அமர்ந்து தட்டத்தைத் தள்ளி வைத்துக்கொண்டிருப்பதாகவே சாம்பவிக்குப் பட்டது. அந்த அம்மாவை அவளுக்குப் பிடித்திருந்தது. சின்ன விஷயம் ஒன்று தேவையாக இருந்தபோது அவளை எடுத்துக்கொண்டாள்.

மதாம் கொலே என்பவர் சேன்-துவனில் இருந்த ஒரு நிறுவனத்தில் உணவு வாங்கும் பொறுப்பில் இருந்தார். கந்தோர் விருந்துகளை ஏற்பாடு செய்வதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். ஒரு சஞ்சிகையில், விருந்து முடிந்து திரும்பி வரும் தட்டங்களில் எப்போதும் அதே பலகாரங்கள்தான் மிஞ்சிக் கிடக்கின்றன, எங்கள் விருந்தாளிகளுக்கு அலுத்துவிட்டது என்று அவர் சொல்லியிருந்தார். சாம்பவி எழுதினாள்:

"உங்கள் தட்டங்களில் மிஞ்சி வருவதைப் பற்றி நீங்கள் சொன்னதை வாசித்தேன். எங்கள் மிளகு றோல்ஸ் வைத்த தட்டங்கள் வெறுமையாகத் திரும்புகின்றன. வருகிற கிழமை ஒரு பெட்டி கொண்டுவந்து தரலாமா? மன்னாரில் இருக்கும் என் அம்மா, மிளகு காலையில்தான் இடித்ததா என்று இன்னமும் தொலைபேசியில் கேட்கிறார், ஆகவே ஏமாற்ற முடியாது. மார்கெரித்."

அடுத்த நாளே பதில் வந்தது. ஒரே வரி. "உங்கள் அம்மா சொல்வதைக் கேட்க வேண்டியதுதான், கொண்டுவாருங்கள்."

சாம்பவி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கன்னம் சூடாயிற்று. யாரோ அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இல்லை, மார்கெரித்தைப் பார்த்து.

சந்திக்கப் போகிற நாள் வந்தபோது மார்கிரட்டை அழைத்துப் போகாமல் முடியவில்லை. மகாலிங்கம் அவளுக்கு ஒரு கோட்டு இரவல் வாங்கிக் கொடுத்தார். "நீர் கனக்கக் கதைக்கத் தேவையில்லை. நான் கதைக்கிறன். கேட்டால் ஓம் எண்டும்," என்று சாம்பவி சொல்லிக் கொடுத்தாள். மெயிலில் அம்மா இருப்பதைச் சொல்ல நினைத்தாள். மெத்ரோவில் சனம் நெருக்கியது, நினைத்தது அப்படியே போய்விட்டது. அப்படிப் போனதற்கு நெருக்கம் மட்டும் காரணம் இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரியும்.

மதாம் கொலே ஐம்பது வயதுக்காரி, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். ஒரு றோல்சைக் கடித்து, மென்று, இன்னொன்றை எடுத்தார். பிறகு நேராக மார்கிரட்டைப் பார்த்து, "அம்மா எப்படி இருக்கிறார்? நேற்றைக்கும் அழைத்தாரா?" என்று கேட்டார்.

மார்கிரட்டுக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கும். அவள் சாம்பவியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. ஏதோ செய்தி வந்திருக்கிறதோ, தனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதோ என்று தேடுகிற பார்வை. மிகச் சின்ன நேரம்தான். பிறகு திரும்பி, "அவர் நன்றாக இருக்கிறார், மதாம்," என்றாள்.

வேலை கிடைத்தது. கிழமைக்கு இரண்டு விருந்து.

திரும்பி வரும்போது இரண்டாம் இலக்க மெத்ரோ ஆன்வேர் நிலையம் தாண்டி நிலத்துக்கு மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தது. மார்கிரட் யன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"அம்மா இன்னும் என்னென்ன சொல்லியிருக்கிறா அக்கா?"

சாம்பவி கைத்தொலைபேசியை எடுத்து மெயில்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். இப்போது அவை ஆறேழு ஆகியிருந்தன. ஒன்றில் அம்மா மழையைப் பற்றிச் சொல்லியிருந்தாள். இன்னொன்றில் மதாமுக்கு நன்றி சொல்லச் சொல்லியிருந்தாள். மார்கிரட் பிள்ளை கதை கேட்பதுபோல முழுவதையும் கேட்டாள்.

"2009 தை மாசம்தான் கடைசியாக் கதைச்சது," என்றாள். "சனத்தோடை சனமா வன்னிக்குள்ளை போயிட்டா. ஒரு கடையிலை நிண்டு போன் எடுத்தவா. கட் ஆகிட்டுது. அதுக்குப் பிறகு இல்லை."

"எனக்குத் தெரியாது மார்கிரட். மெய்யாத் தெரியாது. நீர் பூசைக்கெல்லாம் பேர் குடுக்கிறனீர் எண்டபடியால்..."

"பேரை வைச்சிருங்கோ அக்கா, அதாலை எனக்கொண்டும் இல்லை. அம்மாவை அதிலையிருந்து எடுத்துவிடுங்கோ."

லா ஷப்பெல் வந்துவிட்டது. இறங்கினார்கள்.

சாம்பவி அன்று மார்க்ஸ் டோர்மோயில் இருந்த தன் அறையில் படுத்திருந்து இதை யோசித்தாள். தான் ஒரு செத்த மனுசியைத் தொலைபேசியில் பேச வைத்திருக்கிறாள். அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவள் வீட்டிலும் ஒரு மாமா அந்த வருடம் அங்கே போனவர்தான். உடல் கிடைக்கவில்லை. படத்துக்கு மாலை போட்டு, முப்பத்தோராம் நாள் காரியம் செய்து, ஐயருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்தார்கள். முடித்த பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். மார்கிரட் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பதையோ, சுகத்துக்கு என்று கொடுத்த பெயர் இறந்தவர்களுக்கான பூசைக்கு ஒருமுறைகூடப் போகவில்லை என்பதையோ அவள் யோசிக்கவில்லை. அந்த வேற்றுமை அவளுக்குத் தெரிந்த உலகத்தில் இல்லை.

அம்மாவை எடுப்பது சொல்வதுபோல் சுலபமாக இருக்கவில்லை. மதாம் கொலே ஒவ்வொரு மெயிலிலும் அவளை விசாரித்தார். தட்டங்களில் வைக்கும் சின்ன அட்டைக்கு அம்மாவின் படம் ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். சாம்பவி ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது எழுதித் தப்பினாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஸ்தேனில் இருந்து வந்த வான் பாதி வழியில் நின்றுவிட்டது. சாரதி தவரத்தினம் வீதியோரத்தில் நின்று, எஞ்சின் புகைக்கிறது என்று மேலும் மேலும் போன் எடுத்தான். சேன்-துவனில் நூறு பேர் வெறும் மேசையைச் சுற்றி நின்றார்கள். வெள்ளிக்கிழமை மதாம் கொலேயின் மெயில் வந்தது. அதில் அம்மா இல்லை. "இப்படி இன்னொரு முறை நடந்தால் நாங்கள் தொடர முடியாது என்பதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்."

"கார்ட் அடிக்கக் குடுக்க இருந்தனான்," என்றார் மகாலிங்கம்.

சாம்பவி கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள்.

"வியாழக்கிழமை உங்களைக் காத்திருக்க வைத்தோம், அதற்கு நான் சாட்டுச் சொல்லவில்லை. அன்று அதிகாலையில் மன்னாரில் என் அம்மா காலமானார். நீங்கள் கேட்ட படத்தை இப்போது அனுப்ப மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை எல்லாம் நேரத்துக்கு வந்து சேரும்."

வாசித்துப் பார்த்தாள். எடுக்க ஒரு சொல் இல்லை, சேர்க்க ஒரு சொல் இல்லை. வானும் படமும் அம்மாவும் ஒரேயடியாகத் தீர்ந்துபோயின. அதை அனுப்பியபோது அவளுக்குள் எழுந்தது சந்தோசம்தான். பிற்பாடு அதற்கு வேறு பெயர் வைக்க எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை.

கீழே இறங்கி, "அம்மாவை எடுத்திட்டன் மார்கிரட்," என்றாள்.

"நன்றி அக்கா," என்று மார்கிரட் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை பூ வந்தது. வெள்ளை லில்லி, பெரிய கட்டு. கொண்டுவந்தவன் மார்கெரித் மரியாவைக் கேட்டான். மார்கிரட் கல்லாவில் நின்றபடியே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "என்னடி, மாப்பிள்ளை சரிவந்திட்டுதோ?" என்று பகிடி விட்டதும், மார்கிரட் சிரித்ததும் மேலே கேட்டது. பிறகு படியில் காலடி.

அவள் பூவைக் கொண்டுவரவில்லை. அதோடு வந்த அட்டையை மட்டும் பிடித்திருந்தாள்.

"இது செத்தவீட்டுக்கு எழுதுறதுதானே அக்கா?"

சாம்பவி தலையாட்டினாள்.

"எப்ப எண்டு போட்டனீங்கள்?"

"மார்கிரட், இரும். நான் சொல்லுறன்..."

"எப்ப எண்டு?"

"வியாழக்கிழமை."

"எந்த வியாழன்?"

"வான் நிண்ட வியாழன்."

"காலமையோ, பின்னேரமோ?"

"காலமை. விடியப்புறம்."

வாடிக்கையாளர் சொல்லும் சாமானை மனதில் குறிப்பதுபோல மார்கிரட் தலையை அசைத்தாள். சாம்பவி கதிரையை விட்டு எழுந்தாள்.

"நான் நினைச்சன், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே எண்டு. அங்கை இருந்தவை..."

"ஓம். எல்லாருக்கும் தெரியும்," என்றாள் மார்கிரட். "எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை. அம்மாவைத் தேடி நான் எழுதாத இடமில்லை அக்கா. ஆர் ஆரிட்டையோ கேட்டு, ஆரைக் கொண்டோ பிரெஞ்சிலை எழுதுவிச்சு, இங்கிலீசிலை எழுதுவிச்சு. உங்களை மாதிரி நாலு வரியிலை எழுதத் தெரியாது, பக்கம் பக்கமாக் கிடக்கும். ஒரு இடத்திலையிருந்தும் மறுமொழி வரேல்லை." அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த மனுசிதான் முதல் மறுமொழி போட்டிருக்கிறா."

அவள் இறங்கிப் போய் மூன்று பேருக்குச் சாமான் நிறுத்துக் கொடுத்தாள். கோட்டைப் போட்டாள். பூவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

"போனால் போறாள்," என்றார் மகாலிங்கம். "கல்லாவுக்கு ஆளா இல்லை? நீ மெயில் எழுதுறதை விடாதை, மதாம் இப்ப முந்தியிலும் பாக்கக் கூட எடுக்கிறா."

அது உண்மை. மதாம் கொலே இன்னும் இரண்டு நிறுவனங்களிடம் மார்கெரித்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். சாம்பவி மார்கிரட்டின் இலக்கத்துக்குப் பலமுறை அடித்தாள். எடுக்கவில்லை. ஒரு செய்தி எழுதினாள். நீளமாக வந்தது, வெட்டினாள். நாலு வரிக்கு வந்ததும் அதைப் பார்க்கவே பிடிக்காமல் அழித்துவிட்டாள்.

கார்த்திகை தொடங்கியபோது அச்சகத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. மகாலிங்கம் சொன்ன சொல் தவறவில்லை. தடித்த வெள்ளை அட்டை, நீல எழுத்து, பொன்னம்பலம் சாம்பவி, கீழே கொமர்சியால். அவள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றபோது மகாலிங்கம் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் எந்தக் கடையும் இறப்பு நோட்டீஸை மறுப்பதில்லை. யார் கொண்டுவந்தாலும் ஒட்டவேண்டும்.

"இஞ்சை பார் பிள்ளை," என்றார் மகாலிங்கம், நாடாவைப் பல்லால் கடித்தபடி. "இவள் மார்கிரட்டின்ர தாய் மெய்யாவே போயிட்டா போல."

மங்கிய கடவுச்சீட்டுப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். நெற்றி அகலமான ஒரு பெண், வாயை இறுக்கி மூடியிருந்தாள். தட்டத்தைத் தள்ளி வைப்பவள் என்று நம்பலாம். திருமதி மரியரட்ணம் அருள்மலர். முப்பத்தோராம் நாள் ஆத்ம இளைப்பாற்றித் திருப்பலி. பிறந்த திகதி இடப்பக்கம். வலப்பக்கத்தில் இறந்த திகதி.

வான் நின்ற வியாழக்கிழமை.

சாம்பவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நாளை அவள் நன்றாக நினைவு வைத்திருந்தாள். தவரத்தினம் போனில் கத்தினான், மகாலிங்கம் கதிரையை உதைத்தார், அவள் கூகிளில் வேறு வான் தேடினாள். வேறு ஒன்றும் அன்று நடக்கவில்லை. இனி ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியில் ஒரு கோயிலில் மெழுகுதிரி எரியும்.

பைகளோடு போன ஒரு பெண் நின்று நோட்டீஸை வாசித்தாள். "பாவம், போன மாசம்தான். உங்களுக்குத் தெரிஞ்ச மனுசியோ?"

"ஓம்," என்றாள் சாம்பவி. பிறகு, "இல்லை," என்றாள்.

அந்தப் பெண் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மேலே மேசையில் மதாம் கொலேயின் மெயில் திறந்தபடி கிடந்தது. அன்புள்ள மார்கெரித், ஒரு மாதம் ஆகிறது, மனம் கொஞ்சம் தேறியிருக்கும் என்று நம்புகிறேன், டிசம்பரில் நத்தார் விருந்துகளுக்கு இரண்டு மடங்கு வேண்டும். சாம்பவி கார்ட் பெட்டியை உறைபெட்டியின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மார்கெரித் எங்களை விட்டுப் போய்விட்டார், இனி நான் எழுதுவேன் என்று தொடங்கினாள். சாம்பவி என்று கீழே போட்டாள். கீழே மகாலிங்கம் யாருக்கோ, நத்தாருக்கு ஸ்தேனில் இன்னும் இரண்டு பேரை வேலைக்குப் போடவேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் எழுதியதை அழித்தாள். "உங்கள் அன்பான விசாரிப்புக்கு நன்றி, திருப்பலி ஞாயிற்றுக்கிழமை," என்று முதல் வரியை எழுதினாள். அது பொய்யில்லை. மிச்ச மூன்று வரியும் கையோடு வந்தன. மார்கெரித் என்று கையெழுத்திட்டு அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது.